ஊளிக் காவல்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அது. கடலிலிருந்து ஒரு கால்வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, சிமெண்டுச் சுவர் வைத்த ஒரு குளத்தில் விழும். குளம் நாற்பதடி நீளம், இருபதடி ஆழம். ஆலையை ஒட்டிய பக்கத்தில், தண்ணீருக்கு அடியில் மூன்று வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்கும் இரும்புக் கம்பித் தடுப்பு உண்டு, அதற்குப் பின்னால் ஆளையே விழுங்குகிற அளவுக்கு ஒரு பம்பு. குப்பையும் பாசியும் மீனும் உள்ளே போகாமல் கம்பி தடுத்துக்கொள்ளும். தடுத்ததெல்லாம் கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்க யாராவது இறங்க வேண்டும்.

இறங்குகிறவள் வாத்து.

காலில் துடுப்பை மாட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் தப்புத் தப்பென்று நடப்பதால் ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் அது. முதலில் கோபப்பட்டாள். பிறகு, "வாத்து தண்ணிக்குள்ள போகும். உங்கள்ல எவன் போவான், சொல்லு பாப்போம்" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள். அதற்கப்புறம் பெயர் நிலைத்துப் போனது.

முன்பு இறங்கிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன். ஆறு வருஷத்துக்கு முன் அவனுக்கு இடது காதின் சவ்வு தண்ணீருக்குள்ளேயே கிழிந்தது. இனி இறங்கினால் வலதும் போகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதுவரை மேலே நின்று அவனுக்குக் கயிறு பிடித்தவள் இவள்தான். இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். வீட்டிலும் அப்படியே மாறிவிட்டது என்று அவன் சொல்லிச் சிரிப்பான். சமையல் அவன் பொறுப்பு, சண்டை அவள் பொறுப்பு.

இந்த முறை குளத்துக்குள் வந்து அடைந்தது மத்தி மீன். ஆயிரக்கணக்கில். மூன்று நாளாக அது வெளியே போகவில்லை. போக விடாமல் ஒரு கூட்டம் கால்வாய் வாயிலேயே நின்றது.

ஊளி.

கை நீளத்துக்கு, ஈட்டி போல வளரும் மீன். கீழ்த்தாடை மேல்தாடையை விட நீண்டிருக்கும். வாயை மூடினாலும் பல் தெரியும். முதல் நாள் வாத்து எண்ணிப் பார்த்தாள். நூற்றைம்பதுக்குக் குறையாது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே நீளம். அளவில் வித்தியாசம் இருந்தால் பெரியது சின்னதைத் தின்றுவிடும் என்பதால் சமமானதுதான் சமமானதோடு சேரும்.

அவை சாப்பிடுகிற விதத்தை அவள் இரண்டு நாள் பக்கத்திலிருந்து பார்த்திருந்தாள். விடிந்த கொஞ்ச நேரத்தில் கூட்டமாக மத்திக்குள் பாயும். துரத்திப் பிடித்து விழுங்குவதில்லை. வெட்டிக்கொண்டே போகும். ஒரு பாய்ச்சலில் நாலைந்து மத்தி இரண்டு துண்டாகும். பிறகு திரும்பி வந்து, மிதக்கிற துண்டுகளை நிதானமாகப் பொறுக்கும். குளம் முழுக்கச் செதில் பனி மாதிரி இறங்கும். வயிறு நிறைந்ததும் கடலுக்குப் போகாது. கால்வாய் வாயை மறித்து, வரிசையாக, அசையாமல் நிற்கும்.

"காவல் காக்குதுங்க. நாளைக்குச் சாப்பாடு ஓடிடக் கூடாதுன்னு நிக்குதுங்க. வயிறு நெறஞ்சப்போ என்னை ஏறெடுத்துக்கூடப் பாக்கல" என்றாள் புருஷனிடம்.

"உன்னையும் நாளைச் சாப்பாட்டுல சேத்துடப் போவுது. பளபளன்னு எதையும் மாட்டிக்கிட்டுப் போகாத."

"என்கிட்ட பளபளன்னு என்ன இருக்கு? நீ வாங்கிக் குடுத்த வைர ஒட்டியாணமா?"

அவன் வலது காதை அவள் பக்கம் திருப்பி, "என்ன சொன்ன?" என்றான். காதில் விழாத மாதிரி நடிப்பது அவனுக்கு வசதி.

மூன்றாம் நாள் காலை ஆலை மேலாளர் குளத்தடிக்கே வந்துவிட்டார். நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர் என்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். இரண்டாம் வாசலின் கம்பியில் செத்த மத்தி அரையடிக் கனத்துக்கு அப்பிக்கிடந்தது. முதல் வாசல் பழுது பார்க்க நிறுத்தப்பட்டிருந்தது. மூன்றாவதிலும் பாதிக்கு மேல் அடைப்பு. நகரத்தின் தண்ணீர்த் தொட்டி அடிமட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார்.

"ரெண்டாவதுக்கு ரெண்டு மணி நேரம். அப்புறம்தான் மூணாவது. ரெண்டு பம்பையும் நிறுத்தணும் சார்" என்றான் புருஷன்.

"ரெண்டாவதை மட்டும் நிறுத்தினா போதாதா?"

"ரெண்டுக்கும் நடுவுல பதினெட்டு அடிதான். மூணாவது ஓடினா இவளை இழுத்துடும்."

கடிகாரம் மணி பார்த்தார். "சரி. ரெண்டு மணி நேரம்."

ஆள் தண்ணீருக்குள் இருக்கும்போது பம்பின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைக் கயிறு பிடிப்பவன் பையில் போட்டுக்கொள்வது வழக்கம். இரண்டாவது சுவிட்சைப் பூட்டினான். மூன்றாவது சுவிட்சில் பூட்டு மாட்டுகிற கொக்கி உடைந்து மாதக்கணக்காகிறது. எழுதிப் போட்டும் யாரும் வந்து பார்க்கவில்லை.

சுவிட்சு அறையில் அன்றைக்கு வேலையில் இருந்தவன் புருஷனின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணமாகாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. வாத்து அறை வாசலில் ஈரக்காலோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, மூணாவதுக்குப் பூட்டு இல்ல. நீதான் பூட்டு."

"நான் இருக்கேன் அண்ணி. என்னைத் தாண்டி எவன் தொடுவான்? போயிட்டு வாங்க."

அவள் இறங்கினாள். இடுப்பில் கயிறு. கரையிலிருந்து முகமூடிக்கு வரும் காற்றுக் குழாய். கையில் சுரண்டி, காலில் கத்தி. கயிற்றை ஒரு தரம் இழுத்தால் நலம். நாலு தரம் இழுத்தால் தூக்கு.

உள்ளே தண்ணீர் கலங்கிய பாலாக இருந்தது. மத்திக் கூட்டம் குளத்தின் நடுவில் ஒரே உருண்டையாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதற்கு அப்பால், கால்வாய் வாயில், ஊளிகள் நின்றன. காலைச் சாப்பாடு முடிந்திருந்தது. அவள் அடிவழியாக நீந்திப் போனபோது பக்கத்தில் இருந்த ஒன்று கண்ணை மட்டும் உருட்டியது. அவ்வளவுதான். அவள் கம்பியில் இடது கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டு சுரண்டத் தொடங்கினாள். அழுகிய மீன் பாளம் பாளமாக உதிர்ந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். இரண்டாம் வாசலில் பாதிக்கு மேல் சுத்தமாகிவிட்டது. கையுறைக்குள் செதில் புகுந்து அரித்தது. இடது கையுறையைக் கழற்றி உதறினாள்.

அப்போதுதான் தண்ணீர் நகர்ந்தது.

முதலில் அவளுக்கு முன்னால் மிதந்த செதில்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடின. அடுத்த கணம் கால்கள் இழுபட்டன. கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினாள், எட்டவில்லை. உருண்டாள். எங்கே மேல், எங்கே கீழ் என்று தெரியவில்லை. மூன்றாம் வாசலின் கம்பி வயிற்றில் வந்து அறைந்தது. முகமூடி கம்பியில் மோதி, மூக்கு உடைந்து, கண்ணாடிக்குள் ரத்தம் தெறித்தது. கையை அசைக்க முடியவில்லை. முதுகில் ஒரு லாரியை ஏற்றி நிறுத்தியது போல் தண்ணீர் அழுத்தியது. காற்றுக் குழாய் கம்பிகளுக்கு நடுவே நசுங்கிக் காற்று நூலாக வந்தது.

இழுவை அவளை மட்டும் இழுக்கவில்லை. மத்தி உருண்டை உடைந்து அத்தனையும் அதே வாசலை நோக்கி வந்து கொட்டியது. அவள் முதுகில், தலையில், அக்குளில் மத்தி. உயிரோடு துடிக்கிற மத்தி. வெள்ளி வெள்ளியாக மின்னுகிற மத்தி.

ஊளிகளுக்குப் பசி இல்லை. ஆனால் காத்துக்கொண்டிருந்த தீனி கண் முன்னால் சிதறி ஓடினால் அவற்றால் நிற்க முடியாது. நூற்றைம்பதும் ஒரே நேரத்தில் பாய்ந்தன.

சுற்றிலும் சரக் சரக்கென்று வெட்டுப்படும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கண்ணுக்கு முன்னால் ஒரு மத்தியின் தலை மட்டும் வாயைத் திறந்து மூடியபடி கம்பிக்குள் போயிற்று. தோளில் ஒன்று இடித்தது. தொடையில் ரப்பர் உடை கிழிந்து, குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகுந்து, பிறகு சுட்டது. ஊளி எது, மத்தி எது, தன் உடம்பு எது என்று பிரிக்க முடியவில்லை. உறையில்லாத இடது கை, கம்பியை ஒட்டி, வெள்ளையாக, மீன்களோடு மீனாகக் கிடந்தது. ஒரு ஊளி வந்து அதை வாங்கிக்கொண்டு போனது. வலி தெரியவில்லை. இழுத்தது மட்டும் தெரிந்தது. பார்த்தபோது சுண்டுவிரலும் அடுத்ததும் பாதிதான் இருந்தன. புறங்கை எலும்பு வரைக்கும் திறந்திருந்தது.

வலது கையால் கயிற்றைத் தேடினாள். கயிறு முதுகுப் பக்கம் விறைத்து நின்றது. எட்டவில்லை.

மேலே புருஷனுக்குப் பம்பின் சத்தம் கேட்கவில்லை. காற்று இயந்திரம் அவன் வலது பக்கம் இரைந்துகொண்டிருந்தது. இடது காது செத்த காது. பாதத்தில்தான் தெரிந்தது, சிமெண்டுத் தரை லேசாக அதிர்ந்தது. குனிந்து பார்த்தான். குளத்தின் மேல் மிதந்த நுரை மூன்றாம் வாசல் பக்கம் ஓடியது. கயிறு கையில் சாய்ந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து கறுப்பாக எழும்பிய ஏதோ ஒன்று வெளிச்சம் பட்டதும் சிவப்பானது.

நாலு தரம் இழுத்துப் பார்த்தான். சுவரை இழுக்கிற மாதிரி இருந்தது. கயிற்றைக் கரையிலிருந்த இரும்பு முளையில் கட்டிவிட்டு ஓடினான். போகிற போக்கில் குப்பை வாருகிற இரும்புக் கொக்கி கையில் வந்தது. எடுத்தது அவனுக்கே ஞாபகம் இல்லை.

சுவிட்சு அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கொக்கியால் கண்ணாடியை அடித்து, கையை விட்டுத் தாழைத் திறந்தான். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் கடிகாரம் நின்றுகொண்டிருந்தார். நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் அவர் தோளுக்குப் பின்னால் சுவரில்.

"அவ உள்ள இருக்கா! நிறுத்து!"

"நீ பூட்டினது ரெண்டாவதுதானே? இது மூணாவதுப்பா" என்றார் கடிகாரம். அவர் நகரவில்லை. "அஞ்சே நிமிஷம். தொட்டி காலி..."

புருஷன் கொக்கியை வீசினான். அது அவர் முழங்கையில் விழுந்து எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவர் மடங்கினார். அவரை மிதித்துத் தாண்டிப் பொத்தானைக் குத்தினான். ஒரு தரம் போதும். கண்ணாடி குத்திக் கிழித்த கையால் ஏழெட்டுத் தரம் குத்தினான். பம்பு முனகிக்கொண்டே அடங்கியது.

தம்பி எழுந்து நின்றான். "அண்ணே, அண்ணி மேல வந்துட்டாங்கன்னு சார்தான்..."

அண்ணன் அவனைச் சொல்லி முடிக்க விடவில்லை. முகத்திலேயே ஒரு குத்து. தம்பி நாற்காலியோடு சாய்ந்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கி, தலையை மேசை விளிம்பில் மோதினான். பல் ஒன்று தரையில் உருண்டது. இன்னொரு தரம் மோதத் தூக்கியவன் கயிறு ஞாபகம் வந்து அப்படியே விட்டுவிட்டு ஓடினான். தம்பியும் முகமெல்லாம் ரத்தத்தோடு பின்னால் ஓடி வந்தான். இருவரும் சேர்ந்துதான் கயிற்றை இழுத்தார்கள். ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கவில்லை.

அவள் மேலே வந்தபோது முதலில் வந்தது மத்திதான். கிழிந்த உடைக்குள்ளிருந்து, குழாயின் மடிப்பிலிருந்து, கூந்தலிலிருந்து பாதி மத்தியும் கால் மத்தியுமாக உதிர்ந்தன. தொடையில் பதிந்த பற்களோடு ஒரு ஊளியின் தாடை தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியில் மோதி அதன் உடம்பு எங்கேயோ போயிருந்தது. புருஷன் முகமூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த ரத்தம் வழிந்ததும் அவள் இருமினாள்.

"பம்பு" என்றாள். பிறகு மயங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஐம்பத்தேழு தையல். இரண்டு விரல்களைப் பாதியோடு மூடித் தைத்தார்கள். மூக்கை நிமிர்த்தி வைத்தார்கள். மூன்றாம் நாள்தான் உட்கார முடிந்தது.

அன்றைக்குப் புருஷன் ஒரு காகிதத்தோடு வந்தான். ஆலை மேலிடத்துக்குக் கடிகாரம் அனுப்பிய அறிக்கையின் நகல். முழங்கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து அவர் எழுதியது. கொடிய மீன்கள் தாக்கியதில் முக்குளிப்பவருக்குக் காயம் என்று இருந்தது. அதிர்ச்சியில் அவருடைய கணவர் வெறி பிடித்து ஊழியர்களைத் தாக்கினார் என்றும் இருந்தது. பம்பைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"பம்பு ஓடின நேரம் பதிவுல இருக்குமே?"

"அந்தப் பக்கத்தையே மாத்தி எழுதியாச்சு. ஓடவே இல்லையாம். கையெழுத்து யாரோடது தெரியுமா?" அவன் காகிதத்தை நாலாக மடித்தான். "என் தம்பியோடது."

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஊளிங்க என்ன ஆச்சு?"

"கொன்னுட்டாங்க. கால்வாய்க்குக் கதவு போட்டு, மருந்தை ஊத்தி, மேல வந்து வாயைப் பொளந்ததெல்லாத்தையும் கம்பியால அடிச்சே கொன்னாங்க. போட்டோ எடுத்தாங்க. இதுங்கதான் உன்னைக் கடிச்சுதுன்னு காட்டறதுக்கு. ஒரு வண்டி நெறைய அள்ளிட்டுப் போனாங்க."

"மூணு நாள் அதுங்களுக்கு நடுவுல வேலை செஞ்சேன்" என்றாள் அவள். கோபத்தில் தையல் இழுத்தது. "பம்பு போடற வரைக்கும் ஒண்ணுகூட என்னைத் தொடல. தொடறதா இருந்தா முதல் நாளே தொட்டிருக்கும்."

ஆறாம் நாள் விசாரணை. தொழிலாளர் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். நரைத்த முடி, கண்ணாடி, அளந்து பேசுகிற ஆள். ஆலையின் கூட்ட அறையில் நீள மேசை. ஒரு பக்கம் மாவுக்கட்டோடு கடிகாரம், பக்கத்தில் உதடு தைத்த தம்பி. எதிரே வாத்து, கையில் கட்டு, கன்னத்தில் பிளாஸ்திரி. புருஷனை அறைக்குள் விடவில்லை. வாசலில் இரண்டு காவலாளிகளோடு நிற்க வைத்திருந்தார்கள்.

அதிகாரி தம்பியைப் பார்த்துக் கேட்டார். "மூணாவது பம்பு அன்னைக்கு ஓடிச்சா?"

தம்பி மேசையைப் பார்த்தபடி, "இல்லீங்க" என்றான்.

"அப்ப இந்தம்மா எப்படி மூணாவது வாசலுக்குப் போனாங்க?"

"போகலையே மேடம்" என்று கடிகாரம் குறுக்கே வந்தார். "ரெண்டாவது வாசல்லயே இருக்கும்போது மீனுங்க பாய்ஞ்சிருக்கு. எங்க யாருக்குமே அப்படி ஒரு மீன் கூட்டம் புதுசு. போட்டோ பாத்தீங்கல்ல, அந்தப் பல்லு!"

வாத்து நிதானமாகச் சொன்னாள். "அம்மா, ஊளி காலையில சாப்பிட்டுட்டா அடுத்த வேளை வரைக்கும் சும்மா நிக்கும். நான் இறங்கினப்போ சாப்பிட்டு முடிச்சிருந்துச்சு. அதுங்க பாயணும்னா மத்தி செதறி ஓடணும். மத்தி செதறணும்னா தண்ணி ஓடணும். குளத்துத் தண்ணி சும்மா ஓடுமா? பம்பு போட்டாத்தான் ஓடும்."

கடிகாரம் சிரித்தார். "மீனைச் சாட்சிக்குக் கூப்பிடறாங்க மேடம்."

"கூப்பிட்டிருப்பேன். நீங்கதான் எல்லாத்தையும் கொன்னுட்டீங்களே" என்றாள் வாத்து. அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, ஒரு நிமிஷம் என்கூட பக்கத்து ரூமுக்கு வரீங்களா?"

பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றைக் கையால் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். மார்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரைக்கும், கறுத்து, ஓரம் மஞ்சள் பூத்து, கோடு கோடாக ரத்தம் கட்டியிருந்தது. கோடுகள் நூல் பிடித்தது போல் நேராக இருந்தன.

"இது எந்த மீனோட பல்லுங்க?"

அதிகாரி குனிந்து பார்த்தார். பையிலிருந்து அளவுகோலை எடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே வைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு எல்லோரையும் குளத்துக்கு வரச் சொன்னார். தண்ணீரை இறக்கச் சொன்னார். கம்பிகள் வெளியே தெரிந்ததும் ஏணி வைத்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அவரே கீழே இறங்கினார். இரண்டாம் வாசலின் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி நாலு விரல். மூன்றாம் வாசலுக்குப் போன வருஷம்தான் புதுக் கம்பி போட்டிருந்தார்கள். இடைவெளி இரண்டரை விரல். வாத்தின் வயிற்றில் இருந்ததும் இரண்டரை விரல்.

ஏணியில் ஏறி வந்த அதிகாரி தம்பி முன்னால் போய் நின்றார். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. நின்றார், அவ்வளவுதான்.

தம்பி தலையை நிமிர்த்தினான். "நான்தான் போட்டேன்" என்றான். தையல் போட்ட உதட்டில் வார்த்தை குழறியது. "சார் சொன்னாரு, போட்டேன். பக்கத்தைக் கிழிச்சு எழுதினதும் நான்தான்."

கடிகாரம் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். "நாயே, உனக்கு..." என்று தொடங்கினார். அதற்குள் இரண்டு காவலாளிகளையும் உதறிவிட்டுப் புருஷன் வந்துவிட்டான். அவன் அடித்த அடியில் கடிகாரம் குளத்தின் விளிம்பில் விழுந்து, கால் உள்ளே தொங்க, ஏணியைப் பிடித்துக்கொண்டு அலறினார். நாலு பேர் சேர்ந்துதான் புருஷனைப் பிரித்தார்கள். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

கடிகாரத்தை வேலையிலிருந்து நீக்கி, வழக்கும் போட்டார்கள். தம்பிக்கும் வேலை போயிற்று. புருஷனுக்கு அடிதடிக்காக ஒரு மாத ஜெயில். அவன் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மூன்று சுவிட்சுகளுக்கும் புதுக் கொக்கி வந்தது.

புருஷன் ஜெயிலில் இருந்தபோது ஒரு மத்தியானம் தம்பி வீட்டுக்கு வந்தான். வாசல்படியிலேயே நின்றான். இளைத்திருந்தான். முன்பல் இருந்த இடம் ஓட்டையாகத் தெரிந்தது. வாத்து கூடத்தில் உட்கார்ந்து, மூன்று விரலோடு மிஞ்சிய கையை வெந்நீரில் வைத்து மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொல்லியிருந்த பயிற்சி.

"உள்ள வா."

வந்தான். உட்காரவில்லை.

"அந்தாளு நான் மேல வந்துட்டேன்னு சொன்னாரு. சரி. உன் நாற்காலிக்குப் பின்னாடி ஜன்னல் இருக்கு. திரும்பினா குளம் தெரியும். உங்க அண்ணன் கயிறு பிடிச்சுக்கிட்டு நிக்கிறது தெரியும். ஒரு தரம் ஏன் திரும்பிப் பாக்கல?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"பாத்தா நீங்க மேல வரலைன்னு தெரிஞ்சிடும் அண்ணி" என்றான். "தெரிஞ்சா போட முடியாது. போடலைன்னா அவரு என்னைத் துரத்திடுவாரு. அதான் பாக்கல."

அவள் எழுந்து வந்து அவன் கன்னத்தில் அறைந்தாள். நல்ல கையால். அவன் அசையவில்லை. மறுபடியும் அறைந்தாள். மூன்றாவது தரம் தன்னை அறியாமல் இடது கையை ஓங்கிவிட்டாள். ஆறாத தையலில் பட்டு, வலியில் அவளே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் குனிந்து பிடிக்க வந்தான்.

"தொடாத."

நின்றான். மூச்சு அடங்குகிற வரைக்கும் அவள் தரையிலேயே இருந்தாள். அவன் அழுதான். அவள் அழவில்லை.

கடைசியில், "இப்ப சொன்னியே, இதை உங்க அண்ணன்கிட்ட எப்பவும் சொல்லிடாத" என்றாள். "என்கிட்ட சொன்னதோட இருக்கட்டும். அவருக்குத் தெரிஞ்சா உன்னைக் கொன்னுட்டு மறுபடியும் உள்ள போயிடுவாரு. எனக்குக் கயிறு பிடிக்க வேற ஆள் இல்ல."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஐந்து மாதத்தில் அவள் மறுபடியும் இறங்கினாள். இடது கைக்குத் தனியாகத் தைத்த உறை. புருஷன் இப்போது மூன்று சாவிகளையும் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கயிற்றைத் தொடுகிறான். தம்பி வேறு ஊரில் ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தான். ஒரு வருஷம் அண்ணன் அவன் பெயரையே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் போனில் பேசினான். அடுத்த மாதம் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். அண்ணன் பரிமாறினான். இருவரும் பழைய கதை ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

தம்பி பஸ் ஏறிய பிறகு புருஷன் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னான். "நானும் கொஞ்சம் ஓவராத்தான் அடிச்சுட்டேன் அவனை. பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? நீ மேல வந்துட்டேன்னுதானே நெனச்சான்?"

அவள் அவனுடைய செத்த காதின் பக்கம் நின்றிருந்தாள். வலது பக்கமாகச் சுற்றி வந்தாள்.

"ஆமா" என்றாள். "அப்படித்தான் நெனச்சான்." துலக்கிய தட்டை வாங்கித் துடைக்கத் தொடங்கினாள்.